மேஜிக் மரம்: நடுவது, காப்பது, வெட்டுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டை விளையாடும் கோலாலம்பூர், பினாங்குத் தமிழர்கள் மேஜிக் மரத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில். திரையில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே வைத்திருக்கிறோம். அவற்றை மொழிபெயர்த்துவிட்டால் விளையாட்டுக்குள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நேரங்கள் எல்லாம் மலேசிய நேரம்.

மேஜிக் மரத்தை எப்படி அடையாளம் காண்பது?

இலைகளைச் சுற்றி வெள்ளைப் பொட்டுகளாக ஒரு மினுமினுப்பு விட்டு விட்டு வரும். வேறு எந்தச் சாதாரண மரத்திலும் அது கிடையாது. வெட்டுவதற்கு வுட்கட்டிங் (மரம் வெட்டும் திறன்) லெவல் 75, நடுவதற்கு ஃபார்மிங் (பயிர் வளர்க்கும் திறன்) லெவல் 75 வேண்டும். இரண்டும் தனித்தனித் திறன்கள். ஒன்றில் 75 இருந்தால் மற்றதும் தானாக வந்துவிடாது. மெம்பர்ஷிப் இல்லாத கணக்கில் இந்த மரத்தைத் தொடவே முடியாது. மாதச் சந்தா கட்டாதவர்கள் விளையாட்டுக் காசிலேயே ஒரு பாண்ட் வாங்கி 14 நாள் மெம்பர்ஷிப் எடுக்கலாம்.

வெட்டுவதா, நடுவதா? எதில் பலன் அதிகம்?

நடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 75இலிருந்து 99 வரை எந்தத் திறனுக்கும் 1,18,24,010 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) தேவை. ஒரு மேஜிக் கட்டையை வெட்டினால் 250 எக்ஸ்பி. அப்படியானால் 47,297 கட்டைகள். அத்தனைக்கும் நீங்கள் திரைக்கு முன்னால் இருக்க வேண்டும். நடுவதில், கன்று ஊன்றும்போது 145.5, வளர்ந்த மரத்தைச் சோதிக்கும்போது 13,768.3, ஆக ஒரு மரத்துக்கு 13,913.8 எக்ஸ்பி. 850 மரம் போதும். நாளுக்கு 6 மரம் என்றால் 142 நாள். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் தாராளம். மீதி நேரம் மரம் தானே வளரும். நீங்கள் வேலைக்குப் போகலாம், தூங்கலாம்.

வெட்டுவது வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேறு விதமான இன்பம்; அதைப் பற்றிக் கீழே தனியாக வருகிறது.

எனக்கு ஃபார்மிங் 72தான். காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். கார்டன் பை என்ற தின்பண்டத்தை ஒரு கடி கடித்தால் ஃபார்மிங் 3 லெவல் தற்காலிகமாக ஏறும். பாத்திக்கு முன்னால் நின்றுகொண்டு சாப்பிட்டு உடனே நடுங்கள். வழியிலேயே சாப்பிட்டால் போய்ச் சேர்வதற்குள் ஒரு லெவல் இறங்கிவிடக்கூடும், அப்போது கன்று ஊன்றாது. ஒரு கார்டன் பையில் இரண்டு கடி. ஆறு பாத்திக்கு மூன்று கார்டன் பை கொண்டு போனால் சரியாக இருக்கும். வளர்ந்த பிறகு சோதிப்பதற்கு லெவல் ஏற்றத் தேவையில்லை.

விதையைக் கன்றாக்குவது எப்படி? நேரடியாகப் பாத்தியில் போட முடியவில்லையே?

மர விதை எதுவும் நேரடியாகப் பாத்தியில் முளைக்காது. முதலில் தொட்டி.

மண் நிரப்பிய பிளான்ட் பாட் ஒன்று, கார்டனிங் டிராவல் ஒன்று, தண்ணீர் நிரப்பிய வாட்டரிங் கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டிராவல் கையிருப்பில் இருக்கும்போது விதையைத் தொட்டியின் மேல் வையுங்கள், நாற்றாகும். பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். மேஜிக் லெவல் 68 இருந்து ஹ்யூமிடிஃபை என்ற லூனார் மந்திரம் திறந்திருந்தால் அது ஒரே அடியில் எல்லாத் தொட்டியையும் நனைத்துவிடும். அதன்பின் ஐந்து நிமிடத்துக்குள் நாற்று கன்றாக மாறும். பேங்கில் (பொருள்களைச் சேமிக்கும் இடத்தில்) போட்டு வைத்தாலும் மாறும், பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

இங்கே நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: தண்ணீர் ஊற்ற மறப்பது. நனைக்காத நாற்று நாள்கணக்கில் கிடந்தாலும் நாற்றாகவே கிடக்கும். இரவு நடலாம் என்று பேங்கைத் திறந்தால் கன்று இருக்காது. ஆகவே, காலையில் ஒரு சுற்று முடித்த கையோடு அடுத்த சுற்றுக்கான ஆறு விதையையும் தொட்டியில் போட்டு நனைத்துவிடுங்கள்.

எங்கெங்கே நடலாம்?

லம்பிரிட்ஜ் கோட்டைக்கு மேற்கே, வாராக் அரண்மனை வளாகத்தில், ஃபாலடோர் பூங்காவில், டாவர்லியில், நோம் ஸ்ட்ராங்ஹோல்டில், ஃபார்மிங் கில்டில். கில்டில் மரப் பாத்தி இருக்கும் பகுதிக்குள் நுழைய ஃபார்மிங் 65 வேண்டும். மேஜிக் மரம் நடுபவருக்கு அது ஏற்கெனவே இருக்கும்.

ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு தோட்டக்காரர் காவல் இருக்கிறார். லம்பிரிட்ஜில் ஃபேயத், வாராக்கில் டிரெஸ்னர், ஃபாலடோரில் ஹெஸ்கெல், டாவர்லியில் அலைன், நோம் ஸ்ட்ராங்ஹோல்டில் பிரிஸ்ஸி ஸ்கில்லா, கில்டில் ரோஸி. இந்த ஆறு பெயரையும் பழகிக்கொள்ளுங்கள், தினமும் பார்க்கப் போகிறீர்கள்.

ஒரு சுற்றுக்குப் பையில் என்னென்ன இருக்க வேண்டும்? எந்த வரிசையில் போவது?

கன்று 6, மண்வெட்டி, ரேக், மரத்தைக் காக்கத் தோட்டக்காரர்களுக்குக் கொடுக்கப் பாத்திக்கு 25 வீதம் தேங்காய் 150 (நோட்டாக, அதாவது ஒரே இடத்தில் அடுக்கும் சீட்டு வடிவில்), காசு குறைந்தது 1,200, டெலிபோர்ட்டுக்கான (நொடியில் இடம் மாற்றும் மந்திரத்துக்கான) ரூன் கற்கள். தேங்காயை நோட்டாக எடுத்தால் 150ம் ஒரே இடத்தில் அடங்கும், தோட்டக்காரர்கள் நோட்டையும் வாங்கிக்கொள்வார்கள். நோட்டாக எடுக்காமல் காயாகவே எடுத்தவர்களுக்கு ஒரே பாத்தியோடு பை நிறைந்துவிடும். மண்வெட்டி, ரேக் போன்றவற்றைப் பாத்திக்குப் பக்கத்தில் நிற்கும் டூல் லெப்ரகானிடம் கொடுத்து வைத்தால் எந்தப் பாத்தியிலும் திரும்ப எடுக்கலாம்.

வரிசை உங்கள் டெலிபோர்ட்டைப் பொறுத்தது. எளிதான ஒன்று: ஸ்கில்ஸ் நெக்லஸில் ஃபார்மிங் கில்ட், பிறகு லம்பிரிட்ஜ் டெலிபோர்ட், வாராக் டெலிபோர்ட், ஃபாலடோர் டெலிபோர்ட். ஃபாலடோரிலிருந்து டாவர்லிக்கு நடந்தே போய்விடலாம். ட்ரீ நோம் வில்லேஜ் குவெஸ்ட் முடித்தவர்கள் ஸ்பிரிட் மரம் வழியாக நோம் ஸ்ட்ராங்ஹோல்டைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாத்தியில் செய்வது எளிது. களை இருந்தால் ரேக்கால் எடுங்கள். மண்வெட்டி பையில் இருக்கும்போது கன்றைப் பாத்தியின் மேல் வைத்தால் ஊன்றிவிடும். மரப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை கிடையாது. பிறகு தோட்டக்காரரை அழுத்திப் பிடித்து 'பே' என்பதைத் தொடுங்கள்.

25 தேங்காய் கட்டாயம் கொடுக்க வேண்டுமா? உரம் போட்டால் போதாதா?

எங்கள் கருத்து: கொடுங்கள். மேஜிக் விதை மலிவான பொருள் அல்ல.

காரணம் இதுதான். மரம் ஒவ்வொரு கட்டமாக வளரும்போதும் நோய் வருமா வராதா என்று விளையாட்டு ஒரு சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறது. மேஜிக் மரத்துக்குப் பன்னிரண்டு கட்டம். சாதாரண கம்போஸ்ட் அந்த நோய் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கும், சூப்பர்கம்போஸ்ட் 80 விழுக்காடு, அல்ட்ராகம்போஸ்ட் 90 விழுக்காடு குறைக்கும். 90 குறைந்தாலும் மிச்சம் 10 இருக்கிறது. தேங்காய் கொடுத்தால் மிச்சமே கிடையாது; அந்த மரத்துக்கு நோய் வராது.

தேங்காயைக் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தையில் மொத்தமாக வாங்கலாம். பிறரிடம் வாங்க முடியாத அயர்ன்மேன் கணக்குக்காரர்களுக்கு அந்த வழி இல்லை. அவர்கள் பாம் மரம் வளர்க்க வேண்டும், அதற்கு ஃபார்மிங் 68. ஒரு பாம் மரத்தில் ஒரே நேரத்தில் 6 காய்தான் நிற்கும். ஆகவே 75 ஆவதற்குள்ளேயே பறித்துச் சேர்க்கத் தொடங்குங்கள். உடைத்த தேங்காயைத் தோட்டக்காரர் ஏற்கமாட்டார். முழுக் காயாகவே வேண்டும்.

தேங்காயும் கொடுத்து உரமும் போட்டால் இன்னும் நல்லதுதானே?

இல்லை, உரம் வீண். மரத்தில் உரத்துக்கு உள்ள வேலை நோயைக் குறைப்பது மட்டும்தான். மரம் தரும் எக்ஸ்பி அதிகமாகாது, கட்டையும் அதிகமாகாது. நோயைத்தான் தேங்காய் ஏற்கெனவே தடுத்துவிட்டதே. அல்ட்ராகம்போஸ்டை மூலிகைப் பாத்திக்கு வையுங்கள், அங்கே விளைச்சல் கூடும்.

கொடுக்க மறந்துவிட்டேன். இப்போது மரத்தின் பெயருக்கு முன் 'டிசீஸ்டு' என்று வருகிறது!

உடனே செகட்டர்ஸ் (செடி கத்தரிக்கும் கருவி) எடுத்து அந்த மரத்தின் மேல் பயன்படுத்துங்கள். மேஜிக் செகட்டர்ஸும் ஆகும். நோய்ப்பட்ட இலைகளைக் கத்தரித்ததும் மரம் பழைய நிலைக்கு வரும். பிளான்ட் க்யூர் மருந்தைத் தேடி ஓடாதீர்கள். மரத்துக்கு அது செல்லாது. அடுத்த வளர்ச்சிக் கட்டம் வருவதற்குள் கத்தரிக்க வேண்டும், அதாவது உங்களிடம் இருப்பது அதிகபட்சம் 40 நிமிடம். தவறினால் மரம் பட்டுவிடும். பட்ட மரத்தில் எக்ஸ்பி கிடையாது. மண்வெட்டியால் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் கன்று நடுவதுதான் வழி.

நோய் நீங்கியதும் தேங்காயைக் கொடுத்துவிடுங்கள். மீதிக் கட்டங்களுக்கு அது காவல்.

சரியாக எத்தனை மணி நேரத்தில் வளரும்? சில நாள் 8 மணிக்கு முன்பே தயாராகிவிடுகிறதே, ஏன்?

12 கட்டம், கட்டத்துக்கு 40 நிமிடம், மொத்தம் 480 நிமிடம். ஆனால் அந்த 40 நிமிடம் நீங்கள் நட்ட நொடியிலிருந்து எண்ணப்படுவதில்லை. பேருந்து அட்டவணை போல, கட்டம் மாறும் நேரங்கள் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் இடையில் ஏறிக்கொள்கிறீர்கள். கட்டம் மாறுவதற்கு 2 நிமிடம் முன்னால் நட்டால் முதல் கட்டம் 2 நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால்தான் 7 மணி 20 நிமிடத்துக்கு மேல் 8 மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் மரம் தயாராகலாம். கட்டம் மாறும் நேரம் கணக்குக்குக் கணக்கு சில நிமிடம் வேறுபடும். நண்பரும் நீங்களும் ஒன்றாக நட்டு அவருடைய மரம் முதலில் வளர்ந்தால் அதில் கோளாறு ஒன்றுமில்லை.

நம் ஊர் நாள்முறைக்கு இந்த 8 மணி நேரம் நன்றாகப் பொருந்துகிறது. இரவு 11 மணிக்கு நட்டால் காலை 7 மணிக்குள் வளர்ந்திருக்கும். பசியாறும்போது சோதித்து, மறுபடி நட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பலாம். அது மாலை 3 மணிக்கே தயார். நீங்கள் 7 மணிக்கு வீடு திரும்பிச் சோதித்தாலும் ஒன்றும் கெடாது. அப்போதே நட்டால் விடியற்காலை 3 மணிக்கு வளர்ந்துவிடும், காலையில் எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கு இரண்டு சுற்று, 12 மரம். மூன்றாவது சுற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கணினியில் ரூன்லைட் என்ற மென்பொருள் வழி விளையாடுபவர்களுக்கு டைம் டிராக்கிங் என்ற வசதி மீதி நேரத்தைக் காட்டும். கைப்பேசியில் அலாரம் வைத்தால் போதும்.

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போய்விட்டு மூன்று நாள் கழித்துத்தான் வருவேன். மரம் என்ன ஆகும்?

விளையாட்டை மூடியிருந்தாலும் மரம் வளரும். தேங்காய் கொடுத்திருந்தால் மூன்று நாள் என்ன, மூன்று மாதம் கழித்து வந்தாலும் முழு மரமாக நிற்கும். வளர்ந்து முடிந்த மரத்துக்கு நோயும் இல்லை, அது வாடுவதும் இல்லை. தேங்காய் கொடுக்காமல் போனால் திரும்பி வரும்போது பட்ட மரம் நிற்கக்கூடும். இடையில் கத்தரிக்க ஆள் இல்லையே.

நான் வளர்த்த மரத்தை வேறு யாராவது வெட்டிவிடுவார்களா?

முடியாது. பாத்தி எல்லோருக்கும் பொது, ஆனால் அதில் நிற்கும் மரம் உங்கள் கண்ணுக்கு மட்டும். அதே இடத்தில் பக்கத்தில் நிற்பவருக்கு அவர் நட்டதுதான் தெரியும்.

மரம் வளர்ந்துவிட்டது, ஆனால் எக்ஸ்பி ஏறவில்லையே?

மரத்தைத் தொட்டு 'செக் ஹெல்த்' செய்ய வேண்டும். 13,768.3 எக்ஸ்பி அந்த ஒரு தொடுகையில்தான் இருக்கிறது.

சோதித்த பிறகு மரத்தை எப்படி அகற்றுவது?

இரண்டு வழி. தோட்டக்காரரிடம் 200 காசு கொடுத்தால் அந்த நொடியே பாத்தி காலி. எக்ஸ்பிக்காக நடுபவர்களுக்கு இதுதான் சரி. ஆறு பாத்திக்கு 1,200 காசு என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

இன்னொன்று, நீங்களே வெட்டுவது. அடிமரம் மட்டும் மிஞ்சியதும் மண்வெட்டியால் தோண்டினால் மேஜிக் ரூட்ஸ் கிடைக்கும். ஃபார்மிங் 75இல் ஒரு வேர், 83இல் இரண்டு, 91இல் மூன்று, 99இல் நான்கு. இந்த வேர், தேங்காய்ப் பால், ஐரிட் மூலிகை மூன்றும் சேர்ந்தால் ஆன்டிடோட் என்ற விஷமுறிவு மருந்திலேயே வலுவான, பெயரில் இரட்டைக் கூட்டல் குறி உள்ள வகை கிடைக்கும். அதற்கு ஹெர்ப்ளோர் (மருந்து செய்யும் திறன்) 79 வேண்டும். அயர்ன்மேன்களுக்கு இது பெரிய உதவி. மற்றவர்கள் 200 காசைக் கொடுத்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போகலாம்.

வெட்டத்தான் எனக்குப் பிடிக்கும். எங்கே போவது?

வுட்கட்டிங் கில்ட் முதல் தேர்வு. கிரேட் கோரெண்டில் ஹொசிடியஸ் பகுதியில் இருக்கிறது; நுழைய வுட்கட்டிங் 60. பேங்க் பக்கத்திலேயே உண்டு. உள்ளே நிற்கும்வரை கண்ணுக்குத் தெரியாத 7 லெவல் கூடுதலாகக் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாதது என்பதைக் கவனியுங்கள். உங்கள் லெவல் 68 என்றால் 7 சேர்த்து 75 ஆகிவிட்டது என்று மரத்தை வெட்ட முடியாது. ஏற்கெனவே 75 இருப்பவருக்குக் கட்டை கொஞ்சம் அடிக்கடி விழும், அவ்வளவுதான். 72 உள்ளவர் உண்மையாகவே வெட்ட வேண்டும் என்றால் டிராகன் ஆக்ஸின் ஸ்பெஷல் தரும் 3 லெவல் செல்லும். அது கண்ணுக்குத் தெரியும் ஏற்றம்.

அமைதியாக வெட்ட சீர்ஸ் வில்லேஜுக்குத் தெற்கே சார்சரர்ஸ் டவரைச் சுற்றி நான்கு மரம் இருக்கிறது. பேங்க் தூரம், அதனால் லாக் பாஸ்கெட் (கட்டைக் கூடை) கொண்டு போங்கள். கோடாலியைக் கையில் பூட்டிவிட்டால் பையில் 27, பாஸ்கெட்டில் 28, ஆக ஒரு நடைக்கு 55 கட்டை. வைல்டர்னஸில் உள்ள ரிசோர்ஸ் ஏரியாவிலும் மேஜிக் மரங்கள் உண்டு. அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம். எல்ஆர்டி மஸ்ஜித் ஜமேக் பக்கம் சுரங்கத்துக்குள் நுழையும்போது இணைப்பு அறுந்தால், கில்டில் ஒரு நட்டமும் இல்லை. வைல்டர்னஸில் பையோடு போய்விடும். ரயிலில் விளையாடுபவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எந்தக் கோடாலி?

ரூன் ஆக்ஸ் 41, டிராகன் ஆக்ஸ் 61, கிரிஸ்டல் ஆக்ஸ் 71. கிரிஸ்டல் வகைக்கு சாங் ஆஃப் தி எல்வ்ஸ் குவெஸ்ட் முடிந்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு டிராகனே போதும். அதைக் கையில் பூட்ட அட்டாக் 60 வேண்டும். இல்லாவிட்டால் பையில் வைத்தும் வெட்டலாம், ஓர் இடம் மட்டும் குறையும்.

நிமிடக்கணக்கில் வெட்டியும் ஒரு கட்டைகூட விழவில்லை. பிங் (இணைப்பின் தாமதம்) அதிகமாக இருப்பதாலா?

பிங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆட்டத்தின் துடிப்பு 0.6 நொடி. நான்கு துடிப்புக்கு ஒருமுறை, அதாவது 2.4 நொடிக்கு ஒருமுறை, கட்டை விழுமா என்று கணக்குப் பார்க்கப்படுகிறது. அந்தக் கணக்கு நடப்பது சர்வரில். நல்ல கோடாலி வேகமாக வெட்டாது. ஒவ்வொரு முறையும் விழும் வாய்ப்பைத்தான் கூட்டும். மேஜிக் மரத்தில் அந்த வாய்ப்பு இயல்பிலேயே குறைவு. 75இல் மிக மெதுவாக இருக்கும், லெவல் ஏற ஏறச் சரியாகும்.

2023இல் வந்த ஃபாரஸ்ட்ரி மாற்றத்துக்குப் பிறகு கூட்டாக வெட்டுவதே நல்லது. ஒரே மரத்தை வெட்டும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு மறைமுக லெவல் என்று 10 வரை கூடும். முதல் கட்டை விழுந்ததிலிருந்து மரம் ஏறக்குறைய 4 நிமிடம் நிற்கும். எத்தனை பேர் வெட்டினாலும் அந்த நேரம் குறையாது. நண்பர்களை ஒரே வேர்ல்டுக்கு (சர்வருக்கு) அழைத்து ஒரே மரத்தில் நில்லுங்கள். பேசிக்கொண்டே வெட்ட இதைவிட நல்ல மரம் இல்லை.

வெறும் எக்ஸ்பி வேகம்தான் வேண்டும் என்றால் டீக் மரத்துக்குப் போங்கள்.

கட்டையை என்ன செய்வது? எரிக்கலாமா?

எரித்தால் ஒரு கட்டைக்கு 303.8 ஃபயர்மேக்கிங் எக்ஸ்பி, லெவல் 75 வேண்டும். ஆனால் ஃபயர்மேக்கிங் எக்ஸ்பிக்கு வின்டர்டாட் என்ற தனி ஆட்டம் இருக்கிறது. மேஜிக் கட்டையை எரிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வில் செய்யுங்கள். மேஜிக் ஷார்ட்போவுக்கு ஃப்ளெட்சிங் 80, லாங்போவுக்கு 85. லாங்போ செதுக்கும்போது 91.5, நாண் பூட்டும்போது இன்னொரு 91.5 எக்ஸ்பி. நாண் பூட்டிய லாங்போவை ஹை அல்கெமி (பொருளைக் காசாக்கும் மந்திரம்) செய்தால் 1,536 காசு. அதற்கு மேஜிக் 55ம், வில்லுக்கு ஒரு நேச்சர் ரூனும் வேண்டும். செய்வதற்கு முன் கட்டை, நாண், நேச்சர் ரூன் மூன்றின் அன்றைய விலையைக் கூட்டி 1,536க்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். வராத நாளில் கட்டையை அப்படியே விற்பது மேல். டிராகன் கிராஸ்போவுக்கான மேஜிக் ஸ்டாக்கும் இதே கட்டையில்தான், ஃப்ளெட்சிங் 78.

ஷார்ட்போவை விற்காமல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஞ்ச்ட் 50இலேயே எடுக்கலாம், அமெதிஸ்ட் அம்புவரை எய்யும்.

அறியாத ஒருவர் விதை தருகிறேன், முதலில் தேங்காயையும் காசையும் கொடு என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். விதை வாங்க கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் போதும். அங்கே பொருளும் காசும் ஒரே நேரத்தில் கைமாறும். வெளியே வெள்ளி கொடுத்து விளையாட்டுக் காசு வாங்குவது விதிமீறல், கணக்கையே இழக்க நேரும். செலவில்லாமல் விதை வேண்டும் என்றால் ஃபார்மிங் கில்டில் கில்ட்மாஸ்டர் ஜேனிடம் ஒப்பந்தம் எடுங்கள். அவர் சொல்வதை வளர்த்துக் காட்டினால் சீட் பேக் தருவார், அதில் மேஜிக் விதையும் வரும். மரம் வெட்டும்போது கீழே விழும் பறவைக் கூடுகளையும் விடாமல் எடுத்துத் திறந்து பாருங்கள்.